எஃப் கார்டு வராத கிட்டார்

மகள் கிட்டார் கற்றுக்கொள்ள ஆரம்பித்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ஜி, சி, டி, இ மைனர் என்று பல சுரங்களைச் சேர்த்துப் பிடிக்கும் கார்டுகள் எல்லாம் கைக்கு வந்துவிட்டன. எஃப் மட்டும் வரவில்லை. கிட்டாரின் கழுத்தில் (நெக்கில்) குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்தான் ஃப்ரெட். முதல் ஃப்ரெட்டில் ஆள்காட்டி விரலை ஆறு கம்பிகளின் மேலும் படுக்கவைத்து அழுத்த வேண்டிய கார்டு அது. ஆரம்பத்தில் எல்லோருக்குமே தகராறு செய்யும். ஆனால் மூன்று மாதம் தினமும் முயன்ற பிறகும் இவளுக்கு இரண்டு கம்பி பேசினால் நான்கு கம்பி ஊமையாக நின்றது. ஒருநாள் விரலை நீட்டிக் காட்டினாள். விரலின் ஓரத்தில் கம்பி அழுந்திய தடம் சிவந்து பள்ளமாக இருந்தது. "என் விரல்ல பலமே இல்லப்பா" என்றாள்.

வலியைக் குறைக்க எனக்கு அப்போது தெரிந்த வழி மெல்லிய கம்பி மாட்டுவது. அதுவரை இருந்தது 'பத்து செட்', அதாவது முதல் கம்பி 0.010 அங்குலம், ஆறாவது கம்பி 0.046 அங்குலம். அதைக் கழற்றிவிட்டு 0.009-இல் தொடங்கி 0.042-இல் முடியும் 'ஒன்பது செட்' போட்டேன். ஒரு வாரத்தில் கிட்டார் ஜிர்ர், ஜிர்ர் என்று இரைய ஆரம்பித்தது. இரைச்சலை நிறுத்த, உடல் பக்கம் கம்பிகள் முடியும் பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியையும் தாங்கும் ஆறு சாடில்களையும் உயர்த்தினேன். இரைச்சல் பாதி அடங்கியது. ஆனால் கம்பிகள் ஃப்ரெட்போர்டைவிட்டு எம்பி நின்றன. வலி பழையபடி திரும்பிவந்தது. அவள் கிட்டாரைக் கையில் எடுப்பதே குறைந்துபோயிற்று.

நான் செய்த இரண்டு காரியங்களுக்கும் அவளுடைய வலிக்கும் அநேகமாகச் சம்பந்தமே இல்லை என்பது பிறகுதான் புரிந்தது. நான்கு மாலைகள் செலவழித்து ஒவ்வொன்றாகச் சரிசெய்தோம். இதேபோல் இரையும் கிட்டாரோ, விரலை வெட்டும் கிட்டாரோ வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்று எழுதிவைக்கிறேன்.

கிட்டார் ஸ்ட்ராட் வகை, அதாவது ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாதிரியில் அமைந்த எலெக்ட்ரிக் கிட்டார். கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் மூன்று சிங்கிள் காயில் பிக்கப், 22 ஃப்ரெட், ஆறு திருகுகளில் ஊன்றி நின்று, கைப்பிடியால் அசைத்தால் சுருதியை மாற்றும் டிரெமோலோ பிரிட்ஜ். தலைப்பக்கம் கம்பிகள் பள்ளங்களில் தங்கும் நட்டிலிருந்து சாடில் வரை அளவு நீளம் 25.5 அங்குலம், அதாவது 648 மில்லிமீட்டர். ஃப்ரெட்போர்டின் மேற்பரப்பு வளைவு 9.5 அங்குல ஆரம் கொண்டது. கீழே சொல்லும் அளவுகள் இந்த வகைக்குப் பொருந்துபவை.

முதலில் ஒரு வரைபடம்

எந்தத் திருகையும் தொடுவதற்கு முன் ஒரு தாளில் கட்டம் போட்டோம். குறுக்கே 6 கம்பி, நெடுக்கே 22 ஃப்ரெட், மொத்தம் 132 கட்டங்கள். ஆம்ப்பில் இணைக்காமல் அவள் ஒவ்வொரு ஃப்ரெட்டாக அழுத்தி, ஒரே அழுத்தத்தில் மீட்டிக்கொண்டே வந்தாள். சுத்தமாக ஒலித்தால் புள்ளி, இரைந்தால் பெருக்கல் குறி, ஒலி சட்டென்று செத்துப்போனால் வட்டம் என்று நான் குறித்துக்கொண்டே வந்தேன். முக்கால் மணி நேரம் பிடித்தது. இந்த முழு வேலையிலும் மிகப் பயனுள்ள முக்கால் மணி நேரம் அதுதான்.

ஏனென்றால் இரைச்சல் வரும் இடமே காரணத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். அழுத்தாமல் மீட்டும்போது மட்டும் இரைந்து, எந்த ஃப்ரெட்டை அழுத்தினாலும் சுத்தமாகிவிட்டால், நட்டில் அந்தக் கம்பியின் பள்ளம் ஆழமாகிவிட்டது என்று பொருள். முதல் நான்கைந்து ஃப்ரெட்களில் இரைந்தால் நெக் மிக நேராகிவிட்டது, அல்லது பின்பக்கமாக வளைந்திருக்கிறது. மேல் ஃப்ரெட்களில் பரவலாக இரைந்தால் சாடில்கள் தாழ்ந்திருக்கலாம். ஓரிரண்டு ஃப்ரெட்களில் மட்டும் இரைந்து, அதற்கு மேலும் கீழும் சுத்தமாக இருந்தால், பக்கத்தில் ஏதோ ஒரு ஃப்ரெட் தலைதூக்கி நிற்கிறது.

எங்கள் தாளில் 1 முதல் 5 வரை தடித்த நான்கு கம்பிகளிலும் பெருக்கல் குறிகள் கூட்டமாக விழுந்தன. 6 முதல் 11 வரை ஏறக்குறைய சுத்தம். மெல்லிய இரண்டு கம்பிகளில் 12-இல் பெருக்கல் குறி, 13-இல் வட்டம். அதற்கு மேல் கடைசிவரை புள்ளிகள். இவற்றோடு சேராமல், ஐந்தாவது கம்பியின் 7-ஆவது ஃப்ரெட்டில் தனியாக ஒரு பெருக்கல் குறி. ஆக, மூன்று வெவ்வேறு கோளாறுகள். நான் சாடிலை மட்டும் தூக்கி மூன்றையும் ஒரே போர்வையால் மூடப் பார்த்திருக்கிறேன்.

அளந்தபோது

அடுத்து அளவுகள். இரண்டே சாமான்கள் போதும்: அரை மில்லிமீட்டர் கோடு போட்ட ஸ்டீல் ஸ்கேல், இடைவெளியை அளக்க மெக்கானிக்குகள் வைத்திருக்கும் மெல்லிய தகடுகளின் கொத்தான ஃபீலர் கேஜ். புதுக் கம்பி போட்டு, சுருதி சேர்த்து, வாசிக்கும் நிலையில் கிட்டாரைப் பிடித்துக்கொண்டு அளக்க வேண்டும். மேசையில் மல்லாக்கப் படுக்கவைத்தால் நெக்கின் எடையே அளவைக் கொஞ்சம் மாற்றிவிடும்.

நெக்கின் முன்வளைவு, அதாவது ரிலீஃப், முதலில். முதல் ஃப்ரெட்டில் கம்பிகளை அமுக்கிப் பிடிக்கும் கவ்வியான கேப்போவை மாட்டி, நெக் உடலோடு சேரும் இடத்து ஃப்ரெட்டில் ஆறாவது கம்பியை அழுத்திப் பிடித்தால், கம்பியே நேர்கோல் ஆகிவிடும். 8-ஆவது ஃப்ரெட்டின் உச்சிக்கும் கம்பிக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று ஃபீலர் கேஜ் தகட்டை நுழைத்துப் பார்க்கலாம். 9.5 அங்குல வளைவுக்கு ஃபெண்டர் நிறுவனம் சொல்லும் அளவு 0.25 மில்லிமீட்டர். எங்களுடையதில் 0.05 தகடுகூட நுழையவில்லை. கம்பி ஃப்ரெட்டின் மேல் படுத்துக்கிடந்தது.

கம்பியின் உயரத்தை, அதாவது ஆக்‌ஷனை, 17-ஆவது ஃப்ரெட்டில் அளந்தோம். இரண்டு ஓரக் கம்பிகளுக்கும் 1.6 மில்லிமீட்டர் என்பது ஃபெண்டர் கணக்கு. இங்கே ஆறாவது கம்பி 2.8, முதல் கம்பி 2.4. டிரெமோலோ பிரிட்ஜின் பின் விளிம்புக்கும் உடலுக்கும் நடுவே 3.2 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். பிரிட்ஜ் உடலின்மேல் தட்டையாக உட்கார்ந்திருந்தது.

கடைசியாக நட். கம்பியை 3-ஆவது ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு, முதல் ஃப்ரெட்டின் மேல் எவ்வளவு இடைவெளி தெரிகிறது என்று பார்க்க வேண்டும். நன்றாக வெட்டிய நட்டில் அந்த இடைவெளி கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும். விரல்நுனியால் தட்டினால் 'டிக்' என்று மெல்லிய சத்தம் மட்டும் கேட்கும். எங்களுடையதில் 0.3 தகடு தாராளமாகப் போய்வந்தது. ஆறு கம்பிக்கும் அப்படியே.

அங்கேதான் எனக்கு விஷயம் விளங்கியது. சாடிலை 1 மில்லிமீட்டர் உயர்த்தினால் நடுவில், 12-ஆவது ஃப்ரெட்டில், கம்பி அரை மில்லிமீட்டர் உயரும். ஆனால் முதல் ஃப்ரெட்டில் உயர்வது வெறும் 0.06 மில்லிமீட்டர். முதல் ஃப்ரெட் நட்டுக்கு அவ்வளவு அருகில் இருக்கிறது. எஃப் கார்டு பிடிப்பது அந்த முதல் ஃப்ரெட்டில். ஆக, சாடிலை நான் ஏற்றினாலும் இறக்கினாலும் அந்தக் கார்டுக்குப் பெரிய வித்தியாசம் வந்திருக்காது. அவள் விரல் மூன்று மாதமாகப் போராடிக்கொண்டிருந்தது நட்டோடு.

இன்னொரு சோதனையும் செய்து பார்த்தோம். முதல் கம்பியைச் சரியாகச் சுருதி சேர்த்துவிட்டு, முதல் ஃப்ரெட்டை அழுத்தி ட்யூனரில் பார்த்தால் முள் 14 சென்ட் கூடுதலாகக் காட்டியது. அரைச்சுரம் என்பது 100 சென்ட். நட் உயரமாக இருந்தால் கம்பியை அதிகம் வளைத்து அழுத்த வேண்டியிருக்கிறது. வளைய வளைய இழுவிசை கூடி, சுரமும் ஏறிவிடுகிறது. திறந்த கம்பிகள் சுருதியாக இருக்க, அழுத்திய கம்பிகள் மட்டும் ஏறி நின்றதால்தான் அவள் பிடித்த கார்டுகள் எப்போதும் கொஞ்சம் புளித்தமாதிரி கேட்டிருக்கின்றன. முள்ளைப் பார்த்துவிட்டு, "அப்போ நான் தப்பா அழுத்தலையாப்பா?" என்று கேட்டாள். இல்லை கண்ணு, நீ சரியாகத்தான் அழுத்தியிருக்கிறாய் என்றேன்.

மெல்லிய கம்பி போட்டதன் விளைவு

பத்து செட்டை இந்த நீளத்தில் வழக்கமான சுருதிக்கு ஏற்றினால் ஆறு கம்பிகளும் சேர்ந்து நெக்கை ஏறக்குறைய 47 கிலோ எடைக்குச் சமமான விசையோடு இழுக்கின்றன. ஒன்பது செட்டில் அது சுமார் 38 கிலோ. ஒரே நாளில் 9 கிலோ இழுவையை எடுத்துவிட்டேன். அந்த இழுவைக்கு எதிராக இரண்டு பொருட்கள் முறுக்கேறி நின்றுகொண்டிருந்தன. ஒன்று, நெக்குக்குள் ஓடும் இரும்புக் கம்பியான டிரஸ் ராட். இன்னொன்று, உடலின் பின்பக்கக் குழியில் பிரிட்ஜைப் பிடித்து இழுக்கும் ஸ்பிரிங்குகள். எதிர்ப்பக்கம் தளர்ந்ததும் இரண்டும் ஜெயித்துவிட்டன. டிரஸ் ராட் நெக்கை நேராக்கிப் பின்னால் தள்ளியது. ஸ்பிரிங்குகள் பிரிட்ஜைப் படுக்கவைத்தன. கூடவே சாடில்களும் இறங்கின. ஒரு வாரத்தில் இரைச்சல் வந்தது இதனால்தான். கம்பி செட்டின் தடிமனை மாற்றினால் இந்த இரண்டையும் திரும்பப் பார்த்தே ஆக வேண்டும்.

முதலில் பிரிட்ஜ். பின்மூடியைக் கழற்றினால் மூன்று ஸ்பிரிங்குகளும், அவற்றை மரத்தோடு கோத்துப் பிடிக்கும் நகம் போன்ற தகடும், அதில் இரண்டு நீளத் திருகுகளும் தெரியும். அந்தத் திருகுகளைத் தளர்த்தினால் பிரிட்ஜ் எழும்பும். எழும்பினால் சுருதி இறங்கும், சுருதியை ஏற்றினால் பிரிட்ஜ் இன்னும் எழும்பும். இப்படியே ஒன்றை மாற்றினால் இன்னொன்று மாறி மணிக்கணக்கில் இழுக்கும் வேலை இது. அதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. டிரெமோலோ கையை அமுக்கிப் பிரிட்ஜின் பின் விளிம்பைத் தூக்கி, அதன் அடியில் 3 மில்லிமீட்டர் கனத்துக்கு அட்டைகளை அடுக்கிச் செருகிவிட வேண்டும். இப்போது ஸ்பிரிங்குகள் அட்டையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், பிரிட்ஜ் அசையாது. நிதானமாக ஆறு கம்பிகளையும் சுருதி சேர்த்துவிட்டு, பின்பக்கத் திருகுகளைக் கால் சுற்று, கால் சுற்றாகத் தளர்த்திக்கொண்டே வர வேண்டும். ஒரு கட்டத்தில் அட்டை தானாக வழுக்கிக்கொண்டு வெளியே வரும். அந்த இடத்தில் கம்பிகளின் இழுவையும் ஸ்பிரிங்குகளின் இழுவையும் சமம். சுருதி கலையாமல், பிரிட்ஜ் வேண்டிய உயரத்திலேயே மிதந்துகொண்டிருக்கும். எங்களுக்குப் பத்து நிமிடத்தில் முடிந்தது.

அப்புறம் டிரஸ் ராட். 1923-இல் கிப்சன் நிறுவனத்தின் தேடியஸ் மெக்ஹியூ இதற்குக் காப்புரிமை பெற்றார். நூறு ஆண்டுக்குப் பிறகும் நெக்கைச் சரிசெய்ய இதுதான் வழி. ஆனாலும் இதைத் தொடவே பலர் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியது இரண்டு விஷயங்களுக்கு மட்டும்: பொருந்தாத ஆலன் கீயைப் போட்டுத் திருகின் வாயைச் சிதைத்துவிடுவது, திரும்ப மறுக்கும்போது பலவந்தம் செய்வது. வலப்பக்கம் திருப்பினால் ராட் இறுகி நெக் நேராகும். இடப்பக்கம் திருப்பினால் தளர்ந்து, கம்பிகளின் இழுவைக்கு நெக் முன்னால் வளைந்துகொடுக்கும். எங்களுக்கு வேண்டியது வளைவு. தலைப்பகுதியில் இருந்த துளையில் கீயை நுழைத்து இடப்பக்கம் கால் சுற்று திருப்பினேன். மறுபடி சுருதி சேர்த்து அளந்தால் 0.15 தகடு நுழைந்தது.

அன்றைக்கு அதோடு நிறுத்தினோம். மரம் ஒரே மூச்சில் அசையாது. இரவு முழுக்க நகர்ந்துகொண்டிருக்கும். காலையில் 0.18. இன்னும் அரைக்கால் சுற்று கொடுத்து, சாயங்காலம் பார்த்தபோது 0.25 தகடு கம்பியை அசைக்காமல் உரசிக்கொண்டு போனது.

நெக் எதற்கு வளைந்திருக்க வேண்டும் என்று மகள் கேட்டாள். கம்பியை மீட்டும்போது அது பக்கவாட்டில் மட்டும் அசைவதில்லை. நடுவில் பருத்து, இரு முனையிலும் ஒடுங்கிய கதிர்போல் சுழல்கிறது. அந்தப் பருத்த நடுப்பகுதிக்கு இடம் விடத்தான் இந்தக் கால் மில்லிமீட்டர். டேபிள் லாம்ப் வெளிச்சத்தில் ஆறாவது கம்பியை ஓங்கி மீட்டிக் காட்டினேன். வெளிச்சத்தில் கம்பி ஒரு மெல்லிய பட்டையாக விரிவதைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மறுபடி அந்த 1 முதல் 5 வரையிலான ஃப்ரெட்களை வாசித்தோம். பெருக்கல் குறிகளில் முக்கால்வாசி போய்விட்டது.

உயரத்தை இறக்கியது

பிரிட்ஜ் எழும்பியதாலும் நெக் வளைந்ததாலும் கம்பிகள் இன்னும் உயர்ந்து, 17-ஆவது ஃப்ரெட்டில் 3.3, 2.9 என்று நின்றன. எதிர்பார்த்ததுதான். ஒவ்வொரு சாடிலுக்கும் இரண்டு குட்டித் திருகுகள். 1954-இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரில் ஆறு கம்பிக்கும் தனித்தனியாக உயரத்தை மாற்ற வசதி செய்தார்கள். அந்த வசதி இங்கே கைகொடுக்கிறது. எங்கள் கிட்டாரில் இவை 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள திருகுகள். ஒரு முழுச் சுற்றுக்கு அரை மில்லிமீட்டர் இறங்கும். சாடில் 1 மில்லிமீட்டர் இறங்கினால் 17-ஆவது ஃப்ரெட்டில் கம்பி 0.62 மில்லிமீட்டர் இறங்கும். அந்தக் கணக்கில் ஆறாவது கம்பிக்கு ஐந்து சுற்று, முதல் கம்பிக்கு நாலரைச் சுற்று. முடிவில் 1.7, 1.5.

நடுவில் இருக்கும் நான்கு கம்பிகளையும் ஃப்ரெட்போர்டின் வளைவுக்கு ஒத்துவருமாறு நிறுத்த வேண்டும். தடித்த அட்டையில், நூலின் ஒரு முனையில் பென்சிலைக் கட்டி 24.1 சென்டிமீட்டர் ஆரத்தில் வில் வரைந்து வெட்டிக்கொண்டோம். 9.5 அங்குலம் என்பது அதுதான். இந்த அட்டையைச் சாடில்களுக்குப் பக்கத்தில் கம்பிகளின் அடியில் வைத்தால் எது தொடுகிறது, எது தொடவில்லை என்று தெரிந்துவிடும். நடு இரண்டு கம்பிகள் ஓரக் கம்பிகளைவிட ஏறக்குறைய 1.3 மில்லிமீட்டர் மேலே வந்தன. ஒரு சாடிலின் இரண்டு திருகுகளும் சமமாக ஊன்றியிருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் விரலால் அசைத்துப் பார்த்தேன். ஒரு கால் அந்தரத்தில் நின்றால் அதுவே தனியாக இரையும்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். எவ்வளவு தாழ்வாக வைக்கலாம் என்பது வாசிப்பவர் எவ்வளவு ஓங்கி மீட்டுகிறார் என்பதைப் பொறுத்தது. இவள் மெதுவாக மீட்டுபவள், 1.5 போதும். நான் மீட்டினால் அதே கிட்டார் லேசாக இரைகிறது. யார் வாசிக்கப்போகிறார்களோ அவரையே பக்கத்தில் வைத்துக்கொண்டு செட் செய்வதுதான் நல்லது.

பதினான்காவது ஃப்ரெட்

கம்பியை இறக்கியதும், 12, 13-இல் இருந்த கோளாறு பூதாகரமாகிவிட்டது. மெல்லிய இரண்டு கம்பிகளும் அங்கே சுத்தமாகப் பேசவில்லை. 13-ஐ அழுத்தும்போது 14-இன் உச்சிக்கு மேல் கம்பி செல்லும் இடைவெளி, இந்த உயரத்தில், 0.13 மில்லிமீட்டர்தான். ஏறக்குறைய ஒரு தாளின் கனம். 14 அந்த அளவு எழும்பியிருந்தாலே கம்பி அதன்மேல் உட்கார்ந்துவிடும்.

நேரான விளிம்புள்ள சிறிய ஸ்டீல் துண்டை 13, 14, 15 மூன்றின் மேலும் படும்படி வைத்து அசைத்தேன். மூன்றும் சமமாக இருந்தால் அசையாது. ஆறாவது கம்பிப் பக்கம் அசையவில்லை. முதல் கம்பிப் பக்கம் வந்ததும் 'டக், டக்' என்று சீசா மாதிரி ஆடியது. 14 உயர்ந்திருக்கிறது.

இந்த இடத்தில் அரத்தை எடுத்துத் தேய்க்கத்தான் கை போகும். ஃப்ரெட் உயரமாக இருக்கிறதா, தளர்ந்து எழும்பியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். தளர்ந்த ஃப்ரெட்டைத் தேய்த்துவிட்டு, பிறகு அது உள்ளே உட்கார்ந்துகொண்டால் பள்ளமாகிவிடும். அப்போது அதைவைத்து மற்ற ஃப்ரெட்களையெல்லாம் தேய்க்க வேண்டிவரும். நெக்கின் ஓரமாகக் கண்ணை வைத்துப் பார்த்தேன். 14-இன் முனைக்கும் மரத்துக்கும் நடுவே தலைமுடி போல ஒரு கறுப்புக் கோடு. 0.2 தகடு அதன் அடியில் நுழைந்தது. கட்டைவிரல் நகத்தால் அமுக்கினால் கோடு மறைந்தது. எடுத்தால் மறுபடி வந்தது. அமுக்கிப் பிடித்துக்கொண்டே மகளை ஸ்டீல் துண்டை வைத்து ஆட்டச் சொன்னேன். ஆடவில்லை. தளர்ந்ததுதான்.

கம்பிகளைத் தளர்த்தி ஓரமாக ஒதுக்கினோம். நெக்கின் அடியில் மடித்த துண்டும் அதன்கீழ் மணல் பையும் வைத்தோம். ஃப்ரெட்டின் இருபுறமும் ஃப்ரெட்போர்டில் மாஸ்க்கிங் டேப் ஒட்டினேன். பிளாஸ்டிக் தலை கொண்ட சுத்தியலால் நான்கு தட்டு. உள்ளே போய்விட்டு மெதுவாகத் திரும்ப எழும்பியது. ஃப்ரெட்டின் அடியில் மரத்தைக் கவ்வும் பல்லின் பிடிப்பு போய்விட்டது. தண்ணீர்போல் ஓடும் மெல்லிய சூப்பர் க்ளூவை ஊசி முனையால் எடுத்து அந்தக் கறுப்புக் கோட்டில் வைத்தேன். தானாக உள்ளே இழுத்துக்கொண்டது. உடனே ஒரு மரக்கட்டையை ஃப்ரெட்டின் மேல் வைத்துக் கிளாம்ப் போட்டு ஒரு மணி நேரம் விட்டோம். ஜன்னலைத் திறந்துவைத்துக்கொள்ளுங்கள்; அந்தப் பசையின் நெடி கண்ணை எரிக்கும். வார்னிஷ் மேல் ஒரு சொட்டு விழுந்தாலும் தடம் போகாது.

கிளாம்பை எடுத்துவிட்டு ஸ்டீல் துண்டை வைத்தால் அசைவே இல்லை. கம்பியை ஏற்றி 13-ஐ அழுத்தி மீட்டினாள். மணிபோல் ஒலித்து, நீண்டு அடங்கியது. அரம் தேவைப்படவே இல்லை.

நட்

கடைசி மாலை இதற்கே. நட் பள்ளத்தை அறுப்பதில் ஒரு சங்கடம் உண்டு: அறுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. அதனால் ஒரு தடுப்பு வேண்டும். 1, 2 ஃப்ரெட்களின் மேல் நேர்கோலை வைத்து நட்டின் ஓரம்வரை நீட்டி, அங்கே கோலுக்கும் மரத்துக்கும் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜ் தகடுகளை அடுக்கி அளந்தேன். 1.05 மில்லிமீட்டர். அதோடு 0.13 சேர்த்து, 1.18-க்கு நெருக்கமாகத் தகடுகளை அடுக்கி நட்டை ஒட்டிப் படுக்கவைத்தேன். பள்ளத்தை அரம் அறுத்துக்கொண்டே போய்த் தகட்டைத் தொட்டால் கிறீச்சென்று சத்தம் வரும். அங்கே நிறுத்திவிட வேண்டும். அரம் கம்பியின் தடிமனுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும், தலைப்பக்கம் சற்றே சாய்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் கம்பி நட்டின் முன் விளிம்பில், ஃப்ரெட்போர்டைப் பார்த்த பக்கத்தில், கூர்மையாகத் தங்கும். சாய்வு இல்லாமல் கம்பி பள்ளம் முழுக்கப் படர்ந்து கிடந்தால் தம்புராவின் ஜீவாபோல் ரீங்காரம் வரும். தம்புராவுக்கு அது உயிர், கிட்டாருக்கு ஆகாது.

ஆறு, ஐந்து, நான்கு, இரண்டு, ஒன்று எல்லாம் ஒழுங்காக வந்தன. மூன்றாவது கம்பிக்கு மட்டும், தகடு நகர்ந்துவிட்டதைக் கவனிக்காமல் அறுத்துவிட்டேன். கம்பியைப் பொருத்தி மீட்டியதும் முதல் ஃப்ரெட்டில் ஜிர்ரென்றது. பள்ளம் ஆழமாகிவிட்டது. பள்ளத்தின் இரு பக்கமும் டேப் ஒட்டி, உள்ளே கொஞ்சம் சமையல் சோடாவை நிரப்பி, ஒரு சொட்டு மெல்லிய சூப்பர் க்ளூ விட்டேன். இரண்டும் சேர்ந்ததும் சுர்ரென்று சூடாகி ஒரு நிமிடத்தில் கல் மாதிரி இறுகியது. தகடுகளை டேப்பால் கட்டி அசையாமல் நிறுத்திவிட்டு மறுபடி அறுத்தேன். இந்தமுறை சரியாக நின்றது. இந்தச் சோடாப் பூச்சு நாளாக ஆகத் தேயக்கூடியது. எப்போதாவது நட்டையே மாற்ற வேண்டிவரலாம். பென்சில் முனையைச் சீவி அந்தக் கரியை எல்லாப் பள்ளத்திலும் தடவினேன், கம்பி சிக்காமல் வழுக்கும்.

3-இல் அழுத்தி முதல் ஃப்ரெட்டைப் பார்த்தால், 0.05 தகடு நுழைகிறது, 0.1 நுழையவில்லை. ட்யூனரில் முதல் ஃப்ரெட் இப்போது 3 சென்ட் மட்டுமே கூடுதல்.

மகள் கிட்டாரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். ஆள்காட்டி விரலைப் படுக்கவைத்தாள், மற்ற மூன்றையும் இடத்தில் வைத்தாள், ஆறாவது கம்பியிலிருந்து ஒவ்வொன்றாக மீட்டிக்கொண்டு வந்தாள். ஐந்து பேசின. இரண்டாவது மட்டும் மங்கலாக இருந்தது. விரலை ஒரு நூல் அளவு நட்டை விட்டு நகர்த்தினாள். ஆறும் பேசின. அப்புறம் எஃப்பிலிருந்து சி, சியிலிருந்து எஃப் என்று அரை மணி நேரம் விடவே இல்லை.

மிச்சம் மீதி

பிக்கப்கள் கம்பிக்கு மிக அருகில் இருந்தன. காந்தம் கம்பியை இழுத்துப் பிடித்து, தடித்த கம்பிகளில் இரண்டு சுருதி கலந்தமாதிரி ஓர் ஆட்டம் வரும். மேல் ஃப்ரெட்களில் நன்றாகக் கேட்கும். கடைசி ஃப்ரெட்டை அழுத்திக்கொண்டு, ஆறாவது கம்பிக்கு 2 மில்லிமீட்டர், முதல் கம்பிக்கு 1.6 என்று இறக்கினேன். ஆட்டம் நின்றது. இதை இன்டொனேஷனுக்கு, அதாவது அழுத்திய சுரங்கள் சுருதியாக வரும்படி சாடிலை முன்னும் பின்னும் நகர்த்தும் வேலைக்கு, முன்பே செய்துவிடுவது நல்லது; காந்தம் இழுத்தால் ட்யூனர் முள்ளே பொய் சொல்லும்.

இன்டொனேஷனில் சிக்கல் ஏதும் இல்லை. 12-ஆவது ஃப்ரெட்டின் மேல் கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டும் ஹார்மோனிக்கும் அதே ஃப்ரெட்டை அழுத்திய சுரமும் ஒன்றாக வர வேண்டும். அழுத்திய சுரம் ஏறியிருந்தால் சாடிலைப் பின்னால் தள்ள வேண்டும், இறங்கியிருந்தால் முன்னால். முடித்துவிட்டு மேலிருந்து பார்த்தால் முதல் மூன்று கம்பிகளின் சாடில்கள் படிப்படியாகப் பின்னால் போய், நான்காவது முன்னால் தாவி, மறுபடி ஆறுவரை பின்னால் போகும். மூன்றாவது வெற்றுக் கம்பி, நான்காவது சுற்றுக் கம்பி. உள்ளே இருக்கும் நடுக்கம்பி மெல்லியது என்பதால் இந்தத் தாவல். உங்கள் கிட்டாரில் இந்த வடிவம் அடியோடு மாறிக் கிடந்தால் கம்பி பழசாகியிருக்கலாம்.

ஐந்தாவது கம்பியின் 7-ஆவது ஃப்ரெட் இன்னும் பாக்கி. அந்த ஒரு சுரத்துக்கு மட்டும் ஏதோ ஒன்று கூடவே அதிர்ந்தது. அவள் அதே இடத்தை மீட்டிக்கொண்டே இருக்க, நான் ஒவ்வொரு பாகமாக விரல் வைத்துப் பார்த்தேன். சாடில் ஸ்பிரிங், பின்மூடி, ஸ்ட்ராப் பட்டன், தலையில் கம்பிகளை அமுக்கும் கொக்கி. நான்காவது முறுக்காணியில் கை வைத்ததும் சத்தம் நின்றது. அதன் முன்பக்க நட்டு தளர்ந்திருந்தது. ஸ்பேனரால் அரைச் சுற்று. இதையும் ஃப்ரெட் இரைச்சல் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தோம்.

புதுத் தாளில் மறுபடி 132 கட்டங்களையும் நிரப்பினோம். இரண்டே இரண்டு பெருக்கல் குறிகள்: ஆறாவது கம்பியின் 2, 3-ஆவது ஃப்ரெட்கள், அதுவும் ஓங்கி மீட்டினால். ஆம்ப்பில் போட்டுக் கேட்டோம், அதில் அந்தச் சத்தம் வரவே இல்லை. அதற்காக ரிலீஃபைக் கூட்டினால் கம்பி திரும்ப உயரும். அப்படியே விட்டுவிட்டோம்.

இரண்டு தாள்களும் கிட்டார் பெட்டியின் மூடிக்குள் இருக்கின்றன. காற்றின் ஈரப்பதம் மாறும்போது நெக்கும் நகரும் என்பதால், கம்பி மாற்றும்போதெல்லாம் ரிலீஃபை அளந்து அதன் கீழே எழுதுகிறாள். இதுவரை எழுதியிருப்பது: 0.25, 0.28, 0.25. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே டிரஸ் ராடை வலப்பக்கம் அரைக்கால் சுற்று திருப்பியது அவள்தான்.